நாற்காலி போட்ட படகு

எனக்கு எதைக் கண்டாலும் பயம். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று அவர் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு போவேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "திண்டுக்கல்லுல பொறந்துட்டுப் பூட்டை நம்பாத ஒரே ஆளு" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் ஊர்க் குளத்தில் படகு விட்டேன். அதைக் குளத்திலிருந்து எடு என்றவர்களிடம் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதேதான்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தவன் நான். கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் வேலை. வீடு அகரம் என்ற ஊருக்குப் பக்கத்தில். கல்யாணமான புதிதில், தொண்ணூறுகளின் நடுவில், மனைவியைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனேன். ஏரியில் துடுப்புப் படகு. கால் வைத்ததும் ஒரு பக்கம் சாய்ந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவன், கரைக்கு வந்துதான் திறந்தேன். "ஏரி எப்படிங்க இருந்துச்சு?" என்று மலை இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு பல வருசம் கழித்து, பட்டறைக்கு எதிர்க் கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் ஒரு படம் பார்த்தேன். வெளிநாட்டுப் புத்தகத்தின் பக்கம். தண்ணீருக்குள் இரண்டு பெரிய உருளை. அதன்மேல் சமதளமாக மேடை, சுற்றிக் கம்பி, நிழலுக்குத் துணி. ஒரு குடும்பம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதுதான் என்னைப் பிடித்தது. பயந்தவனுக்கென்றே ஒரு படகு இருக்கிறது. இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எண்ணெய்த் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் குளத்தில் தண்ணீர் இல்லை. ரெண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்துப்போய்க் கிடந்தது. அப்புறம் ஒரு ஐப்பசியில் விட்டுவிடாமல் பெய்தது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன்.

தோல் பதனிடும் ஷாப்புகளில் மருந்து காலியான நீல டிரம்கள் பழைய கடையில் கிடைக்கும். வாங்கி, கழுவி, மூடியை இறுக்கி, இரண்டு வரிசையாக ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் கட்டினேன். மேலே, கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுக்கிற சென்ட்ரிங் பலகை. கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் கழித்துப்போட்ட குடை. பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால் நழுவாமல் பலகையில் கட்டை அடித்தேன். உரச்சாக்கில் தெர்மகோல் வைத்துத் தைத்து ஆளுக்கொரு மிதவைச் சட்டை. லாரி டியூப் ஒன்று, தள்ளிப்போக மூங்கில் கழி ஒன்று. நங்கூரத்துக்குக் கனமாக எதுவும் அமையவில்லை. கிரைண்டர் வந்த பிறகு வீட்டில் சும்மா கிடந்த ஆட்டுக்கல் குழவியைக் கயிற்றில் கட்டினேன்.

"குழவி எங்கங்க?" என்றாள் மனைவி.

"படகுல."

"அம்மியையும் கொண்டுபோங்க. அங்கேயே குழம்பு, வெஞ்சனம் வச்சு இறக்கிரலாம்."

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அந்தக் குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்தார். அவர் சொல்லைத் தாண்டி ஊரில் யாரும் கரையில் கால் வைக்க மாட்டார்கள். "மாப்ள, இங்க குடிதண்ணியே லாரியில வந்துச்சு. நீ கப்பல் விடுறியாக்கும்?" என்றார். ஆனாலும் பூஜைக்கு வந்தார், மொடமொடவென்று வெள்ளை வேட்டியில்.

எங்கள் பக்கம் புதுவண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். இதற்குச் சக்கரம் ஏது? கூட்டத்தில் பெரிய விவாதம். கடைசியில் டிரம்முக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். குழவிக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். தண்ணீரில் தள்ளினோம். மிதந்தது. அசையவே இல்லை. நான் ஒருவன் ஏறினேன். பிறகு ஊரே ஏறியது.

டிரம் ஓட்டையாகுமா, வெல்டிங் விடுமா, காற்று அடிக்குமா, எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து வழி செய்து வைத்திருந்தேன். கருப்பசாமியை மட்டும் நான் யோசிக்கவில்லை. அவர் கரைமேல் இருக்கிறார். மச்சான் படகில் நின்றபடியே சூடத்தைக் கொளுத்தி அவரைப் பார்த்துத் தட்டைத் தூக்கியதும், படகிலிருந்த அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டபடி அந்தப் பக்கமே நகர்ந்தார்கள். உட்கார இடம் தாராளமாக இருக்கட்டும் என்று பலகையை நான் டிரம்மைத் தாண்டி நீட்டி விட்டிருந்தேன். அந்த ஓரத்தில் ஊரே நின்றால் என்ன ஆகும்? மறுபக்க டிரம்கள் எலுமிச்சம்பழத்தோடு வானத்துக்கு எழும்பின. பக்தர்கள் எல்லாரும் சறுக்கி விழுந்தார்கள். முதலில் போனது மச்சான், தட்டோடு.

இடுப்பளவு தண்ணீர்தான். ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் மச்சானின் வேட்டியில் பாசி. கரையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

"விடியுறதுக்குள்ள இந்தச் சனியன் இங்க இருக்கக் கூடாது. மீனெல்லாம் மெரளுது" என்றார் மச்சான்.

"மீனா மெரண்டுச்சு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

அவர் முகம் இன்னும் சிவந்தது. "எடுக்கிறியா, நானே வெட்டி விறகாக்கவா?"

கூட்டத்தில் நான் வாய் திறந்து பழக்கமில்லை. கால் நடுங்கியது, தண்ணீரில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. "எடுக்க மாட்டேன் மச்சான்" என்றேன். "உங்க குத்தகை மீனுக்கு. மேல இருக்கிற தண்ணிக்கு இல்ல. சாஞ்சது தப்புத்தான், சரி பண்றேன். ஆனா எடுக்க மாட்டேன்."

அன்று ராத்திரியே படகைக் கரைக்கு இழுத்து, டிரம் வரிசைகளைப் பலகையின் ஓரத்துக்கே தள்ளி மறுபடி வெல்டிங் வைத்து, விடியும்போது தண்ணீரில் தள்ளினேன். நான் கை ஈரத்தைத் துடைக்கும் முன்பே, சொன்னபடி மச்சான் அரிவாளோடு கரையில் வந்து நின்றார். அப்போது என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தெர்மகோல் சட்டையை மாட்டினாள். ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெட்டுண்ணே. நான் இதுல இருக்கேன், பாத்து வெட்டு."

அவர் அரிவாளை இறக்கினார். "உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கழியை ஊன்றித் தள்ளினேன். நடுக்குளத்தில் குழவியை இறக்கினேன். தூரத்தில் சிறுமலை நீலமாகத் தெரிந்தது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

"ஏரி எப்படிங்க இருக்கு?" என்றாள்.

பங்குனிக்குள் குளம் வற்றியது. படகு சேற்றில் உட்கார்ந்து, பிறகு வெடித்த மண்ணில் நின்றது. அதன் நிழலில் ஆடுகள் படுத்தன. பழைய இரும்புக்காரன் வந்து வந்து விலை கேட்டான். கொடுக்கவில்லை. அடுத்த வருசம் மழை ஏமாற்றியது. வேலை முடிந்ததும் நாங்கள் போய், காய்ந்த குளத்தின் நடுவில் நாற்காலி போட்டு டீ குடித்தோம். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

ஒருநாள் பழைய கயிறு நைந்துவிட்டதென்று புதுக் கயிற்றால் படகைக் குளத்துக்குள் நின்ற கருவேல மரத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏன் மாப்ள, சொட்டுத் தண்ணி இல்ல. எது வந்து இதை இழுத்துட்டுப் போகப்போகுது?"

"தண்ணி வந்துருச்சுன்னா?" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். நான் பாதி வழி வந்துவிட்டு, திரும்பிப் போய் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.