பன்னிரண்டு தினார் எலிமென்ட்

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஃபர்வானியா கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். வழக்கமான தேநீர்க் கடை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், பாதி குடித்திருந்த தேநீரை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். எதிர்ப்பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அவர் எனக்குக் கடன்பட்டவர் அல்லர். நான் அவரை ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை. பின் ஏன் இந்த ஓட்டம்?

காரணம் எனக்குத் தெரியும். அவர் பெயர் சேகர். வீடுகளுக்கு வந்து வாட்டர் ஹீட்டர் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். மாதச் சம்பளம் எண்பது தினார். அதில் பன்னிரண்டு தினாரை அவருடைய கம்பெனி வெட்டிவிட்டது. வெட்டுவதற்கு வழிசெய்தது – நான் எழுதிய ஒரு கடிதம்.

அது நன்றாக எழுதப்பட்ட கடிதம். இப்போது என்னை உறுத்துவது அதுதான்.

குவைத்தில் வசிக்கும் வாசகர்களுக்கு ஹீட்டரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே கோடையில் மொட்டைமாடித் தொட்டி நீர் கொதிநீராகவே இறங்கும். குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். ஆகவே நாங்கள் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதனுள் தேங்கி ஆறிய நீரில் குளிப்போம். ஆண்டில் பாதி நாள் ஹீட்டர்தான் எங்களுக்குக் குளிர்நீர்ப் பானை. டிசம்பர் பிறந்த பிறகே அதற்குத் தன் சொந்த உத்தியோகம் நினைவுக்கு வரும்.

இந்த முறை நினைவுக்கு வரவில்லை. சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நீர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே வந்தது.

எனக்கு அது பெரிய விஷயமன்று. என் மனைவி மரியமுக்கு அப்படியல்ல. அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். தொழுகைக்குமுன் குளிர்ந்த நீரில் கைகால் கழுவி ஒளுச் செய்தால் விரல்கள் மடங்காமல் நின்றுவிடும். பிறகு அன்றைக்கு ஒரு பொத்தானைக்கூடப் போட இயலாது. பச்சைத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. ஆகவே பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவில் வெந்நீர் காய்ச்சிக் குளியலறைக்குச் சுமக்கும் சேவகம் அன்றே தொடங்கிற்று. நான் வீட்டிலிருக்கும்போது நான். நான் டூட்டியில் இருக்கும்போது... அவளேதான்.

லிஃப்ட் அருகே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ‘ஹீட்டர் சர்வீஸ், ஒரு மணி நேரத்தில்.’ அழைத்தேன்.

“கல் ஆயேகா பாய்சாப், பக்கா!” என்றது ஒரு குரல். நாளை வருவார், உறுதி என்று பொருள்.

“உங்கள் பெயர்?” என்று இந்தியில் கேட்டேன்.

“மேனேஜர் போலோ, பஸ்.” மேனேஜர் என்று சொன்னாலே போதுமாம்.

அந்த நாளை, நான்கு நாள் கழித்து வந்தது. சேகரும் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, “ஹீட்டர் கம்ப்ளெயின்ட் குடுத்தது நீங்கதானே பாய்? பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று கேட்டபடி உள்ளே போனார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. தமிழ்க் குரல் கேட்ட நிம்மதியில், அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் நான் தவறினேன்.

நான் ஒரு ஸ்டோர்கீப்பர். இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு கம்பெனியின் கிடங்கைப் பார்த்துவருகிறேன். என் கவுன்டரில் ஒரே சட்டம்தான்: பழையது உள்ளே வந்தால்தான் புதியது வெளியே போகும். தேய்ந்த பிரஷ்ஷைக் காட்டாமல் புதுப் பிரஷ் வாங்கிய இன்ஜினீயர் அங்கே கிடையாது. அப்படிப்பட்டவன், சொந்த வீட்டுக் குளியலறையில் என் சட்டத்தை நானே மறந்தேன்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. நீர் சுட்டது. மரியமின் முகத்தில் வெளிச்சம். பில்லை நீட்டினார் சேகர். எலிமென்ட் – அதாவது ஹீட்டருக்குள் இருந்து நீரைச் சுடவைக்கும் வளைந்த கம்பி – பன்னிரண்டு தினார். சர்வீஸ் ஐந்து தினார். மொத்தம் பதினேழு. அடியில் கம்பெனி முத்திரை. டெக்னீஷியன் என்ற இடத்தில் சேகரின் பெயரும் கையெழுத்தும்.

கடையில் மூன்று தினாருக்கு விற்கும் எலிமென்ட் அது.

“பழைய எலிமென்ட் எங்கே சேகர்?”

“வேன்ல போட்டாச்சே பாய்.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. சுடுநீர் வருகிற வீட்டில் எவன் சண்டை பிடிப்பான்?

மூன்றாம் நாள் நீர் மறுபடியும் பச்சைத் தண்ணீர் ஆயிற்று.

அதன்பின் நடந்த தொலைபேசி உரையாடல்களை இங்கே எழுதினால் பத்தி கொள்ளாது. எல்லாமே ஒன்றுதான். “கல் ஆயேகா, பக்கா.” பதினோரு நாள் அந்தப் பக்காவிலேயே கழிந்தது. தேக்சா அடுப்பிலிருந்து இறங்கவேயில்லை. “என்னங்க, இன்னைக்காச்சும் வருவாங்களா?” என்று மரியம் காலையில் கேட்பாள். பிறகு அதையும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்ததைவிட அது எனக்குக் கடினமாக இருந்தது.

இரண்டாம் முறை சேகர் வந்தபோது நான் அசையவில்லை. குளியலறை வாசலிலேயே நின்றேன். அவர் நீரை வடித்தார், மூடியைக் கழற்றினார், எலிமென்ட்டை உருவினார்.

அதன் பித்தளைத் தலையில் ஓர் ‘அ’ இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குமுன் அந்த எலிமென்ட்டை வாங்கியவன் நான். மாட்டித் தந்தவர் எங்கள் கம்பெனி எலெக்ட்ரீஷியன். வாங்கும் பொருளிலெல்லாம் ஆணியால் ஓர் ‘அ’ கீறிவைப்பது என் கிடங்குப் பழக்கம். எங்கள் கிடங்கில் தமிழ் படிப்பவன் நான் ஒருவனே. வேறு யாரும் அந்த எழுத்தைப் போட்டு ஏமாற்ற முடியாது.

சேகர் அதைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார்.

“இது என்ன பாய், எழுத்து?”

“என் எழுத்து.”

அவர் எலிமென்ட்டை மெல்லத் தரையில் வைத்தார்.

“அன்னைக்கு ஒண்ணும் மாத்தல பாய். கட்-ஆஃப் பட்டன் விழுந்து கிடந்துச்சு. அமுக்கிவிட்டேன், சூடாயிருச்சு. அவ்வளவுதான்.”

“அப்ப பன்னிரண்டு தினார்?”

“பில்லு நான் போடுறது இல்ல பாய். வேலை முடிஞ்சதும் ஆபீசுக்குப் போன் அடிக்கணும். அவன் சொல்றத எழுதணும். சும்மா பட்டனை அமுக்கிட்டு வந்தேன்னு சொன்னா, அப்புறம் எதுக்குடா வேன் போச்சுங்கிறான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சாமான் ஓடியாகணும். நான் ஒரு ஆளு என்ன பண்ண?”

அவரே தொடர்ந்தார். “தெர்மோஸ்டாட்தான் பாய் கோளாறு. அது சரியில்லாம சூடு மீறுறதாலதான் பட்டன் விழுது. வேன்ல இல்ல. நாளைக்கு ஆபீஸ்ல கேட்டு நானே கொண்டாரேன்.”

நாளை!

அவர் வரவில்லை. ஹீட்டர் திறந்த வயிற்றோடு சுவரில் தொங்கிற்று. ஐந்தாம் நாள் நான் டூட்டியில் இருந்தபோது, மடங்காத விரல்களிலிருந்து தேக்சா நழுவி, மரியமின் வலது பாதத்தில் வெந்நீர் கொட்டிவிட்டது. எனக்கு அவள் போன் செய்யவில்லை. மாலையில் வந்தபோது காலில் மருந்தோடு உட்கார்ந்திருந்தாள். “கொஞ்சம்தாங்க கொட்டுச்சு. தண்ணி அவ்வளவா கொதிக்கல” என்றாள். கொப்புளம் உள்ளங்கை அகலம் இருந்தது.

அன்று நான் கடிதம் எழுத அமர்ந்தேன்.

பள்ளிப் படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஆங்கிலம் நானே அகராதியைப் புரட்டிக் கற்றது. ஆனால் கிடங்கில் சேத அறிக்கை எழுதி எழுதி ஒரு முறைமை கைவந்திருக்கிறது. நாள், பொருள், நடந்தது, இழப்பு, சான்று, பொறுப்பாளர். இந்த ஆறு தலைப்புகளில் எழுதப்பட்ட அறிக்கையை எந்த மேலதிகாரியும் புறக்கணித்ததில்லை. அதே முறையில் எழுதினேன். ‘அ’ கீறிய எலிமென்ட்டின் புகைப்படத்தை இணைத்தேன். மரியமின் பாதத்தைப் பற்றி ஒரு பத்தி. நுகர்வோர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகும் என்று முடிவில் ஒரு வரி.

பொறுப்பாளர் என்ற இடத்தில், பில்லைப் பார்த்து, ‘டெக்னீஷியன் சேகர்’ என்று எழுதினேன்.

பில்லைப் போட்டவர் அவர் அல்லர் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். என் குளியலறையிலேயே நின்று அவர் சொன்னதைக் கேட்டவன் நான். ஆயினும் அந்த இடம் காலியாக இருந்தால் அறிக்கை முழுமையாகாதே... எழுதினேன். ஒரு நிமிடம்கூடப் பேனா நிற்கவில்லை.

இரண்டே நாளில் பதில் வந்தது! வேறொரு டெக்னீஷியன் தெர்மோஸ்டாட்டோடு வந்து, அரை மணியில் மாட்டிவிட்டுப் போனார். நீர் கொதித்தது. அன்றுமுதல் இன்றுவரை குறையில்லை. போகும்போது ஓர் உறையைத் தந்தார். பிரித்தேன். எலிமென்ட்டுக்கான பன்னிரண்டு தினாரைக் கம்பெனி திருப்பித் தருகிறதாம். பணமாக அல்ல, சீட்டாக. அடுத்த முறை ஹீட்டர் பழுதானால் கழித்துக்கொள்வார்களாம்.

“சேகர் வரவில்லையா?” என்று கேட்டேன்.

அவர் கைவிரல்களைக் கத்தரிக்கோல்போல் அசைத்துக் காட்டினார். “உஸ்கா பாரா தினார் கட். கலாஸ்.” அவருடைய பன்னிரண்டு தினார் போய்விட்டது; கதை முடிந்தது என்று பொருள்.

அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கொடுத்த பன்னிரண்டும் கம்பெனியிலேயே இருக்கிறது. சேகரிடம் வெட்டிய பன்னிரண்டும் அங்கேயே இருக்கிறது. மாட்டாத ஓர் எலிமென்ட்டை அவர்கள் இரண்டு முறை விற்றுவிட்டார்கள். இரண்டாவது விற்பனையைச் செய்து கொடுத்தவன் நான்.

அதனால்தான் சென்ற வெள்ளிக்கிழமை அந்தத் தேநீர் பாதியில் நின்றது.

நான் அவர் பின்னால் நடந்தேன். என் முழங்கால்களுக்கு அது ஓட்டம். “சேகர்... சேகர்!” இரண்டாம் அழைப்பில், ஒரு மொபைல் கடை வாசலில் நின்றார்.

“டீயைக் குடிச்சிட்டுப் போயிருக்கலாமே” என்றேன்.

“வேணாம் பாய். அந்தக் கிளாசுலயும் எதாச்சும் கீறி வச்சிருப்பீங்க.”

அதற்கு நான் தகுதியானவன்தான். கணக்குப் போட்ட அன்றே சட்டைப் பையில் எடுத்துவைத்திருந்த பன்னிரண்டு தினாரை நீட்டினேன். அவர் கையை நீட்டவேயில்லை.

“உங்க காசு எனக்கு எதுக்கு பாய்? அவன் எடுத்தது. அவன்கிட்ட வாங்கிக் குடுங்க, வாங்கிக்கிறேன்.”

“தப்பு என்னோடதுதான் சேகர்.”

“அன்னைக்கே சொன்னேன்ல, பில்லு நான் போடலேன்னு. தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டு நின்னுட்டு, கடைசில எம்பேரத்தானே எழுதுனீங்க.”

கடைத்தெரு எங்களைத் தள்ளிக்கொண்டு போய்வந்தது. அவர் கிளம்பத் திரும்பினார், பிறகு நின்றார்.

“பாயம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு? மேனேஜர் லெட்டரை எல்லாரையும் நிக்க வச்சுச் சத்தமாப் படிச்சான். தண்ணி கொட்டிருச்சுன்னு இருந்துச்சே. உங்க வீட்டுக்கு வந்த மறுநாளே ஆபீஸ்ல கேட்டேன் பாய். ஸ்டோர்ல தெர்மோஸ்டாட் மாஃபி, இல்லவே இல்லேன்னுட்டான்.”

“ஆறிடுச்சு.”

“தண்ணி சுடுதா?”

“சுடுது.”

“அப்பச் சரி.” கூட்டத்தில் கலந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மரியமிடம் சொன்னேன். அவள் சூடான நீரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். “இன்னொரு லெட்டர் எழுதுங்க” என்றாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே ஆறு தலைப்புகள். நாள், பொருள், நடந்தது, இழப்பு, சான்று – ஐந்தும் முடிந்துவிட்டன. ஆறாவதில் மூன்று நாளாகப் பேனா நிற்கிறது. இம்முறை சரியான பெயரை எழுத வேண்டுமல்லவா? தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். “மேனேஜர் போலோ, பஸ்.” கம்பெனி உறையைப் பார்த்தேன், முத்திரைதான் இருக்கிறது. சீட்டைப் பார்த்தேன், அதிலும் முத்திரை. பழைய பில்லை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்...

சேகர் என்பதைத் தவிர அதில் ஒரு மனிதரின் பெயரும் இல்லை.