அது வசந்தா போட்ட கேஸ் இல்லை

போன வாரம் ஓமந்தூர் பக்கம் ஒரு காதுகுத்து. சாம்பார் முடிந்து, ரசத்துக்குச் சோற்றில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் என் தோழி வசந்தா. பிளஸ் டூவில் ஒரே பெஞ்ச். அவள் விவசாயக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டாள். நான் வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் பேசி வயிறு வளர்க்கிறேன்.

எதிர் வரிசையில் அவளுடைய உறவுக்கார அம்மாள் ஒருவர். வாயில் வடை இருக்கும்போதே கேட்டார்.

“ஏம்மா வசந்தா... ஏழுமலைய ஜெயிலுக்கு அனுப்பிட்ட. இப்போ மனசு குளுந்துச்சா?”

பந்தியில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. வசந்தா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“நான் எங்க அத்தே அனுப்பினேன்? கவர்மெண்டு அனுப்பிச்சிது. விழுப்புரத்துக்கு பஸ் இருக்குது... போய்க் கேட்டுக்கினு வாங்க.”

எனக்குப் புரை ஏறிவிட்டது. இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தவளா இவள்?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வசந்தாவின் கணவர் சேகரும் ஏழுமலையும் பங்காளிகள். ஒரே கிணறு, ஒரே மோட்டார், முறை வைத்துத் தண்ணீர். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலை. மோட்டார் ஓட்ட ஒரு நாளைக்குச் சில மணி நேரமே விடுகிற மும்முனை கரண்ட் வந்ததும், முறை யாருடையது என்று வாய்ச்சண்டை. அது கைச்சண்டையாகி, ஏழுமலை வீசிய மம்பட்டி சேகர் தலையில் இறங்கியது. சேகர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பார்த்த ஒரே சாட்சி, தூக்குவாளியில் கஞ்சியோடு வந்த வசந்தா.

வழக்கு திண்டிவனத்தில் ஆரம்பித்து விழுப்புரம் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது. போன வேகத்தைப் பற்றிப் பேச வேண்டாம், உங்களுக்கே தெரியும். அதற்குள் ஊர் கூடிவிட்டது.

“போனவன் போயிட்டான். இருக்கறவனையும் உள்ள தள்ளி, ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கணுமா?” என்றார் பெரிய மாமா, அதாவது சேகரின் பெரியப்பா. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். வெற்றிலைப் பாக்குத் தட்டு மாற்றிச் சமாதானம் பேசி ராசியானார்கள். கிணற்றில் தன் பங்கை ஏழுமலை விட்டுக்கொடுப்பது. கோர்ட்டில் வசந்தா, ‘நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி, யார் அடிச்சாங்கன்னு பாக்கல’ என்று சொல்வது.

வசந்தா தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? அதே ஊரில்தானே பிழைக்க வேண்டும்!

சாட்சி சொல்லும் நாளில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். திண்டிவனத்தில் ஏறினால்... பெரிய மாமாவும் அதே பஸ், ஏழுமலையின் மனைவி செல்வியும் அதே பஸ். ஜாமீனில் வந்திருந்த ஏழுமலை படிக்கட்டுப் பக்கம் நின்றான். கூட்டேரிப்பட்டு தாண்டியது, விக்கிரவாண்டி தாண்டியது. வசந்தா என் காதோரம் சொன்னாள்.

“உண்மைய சொன்னா ஊரு என்னை வுடாது. பொய் சொன்னா, செத்தவரு மூஞ்சிய நான் எப்பிடிடீ நெனைப்பேன்?”

கோர்ட்டில் டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டார். வசந்தா எழுவதற்குள் பெரிய மாமா எழுந்துவிட்டார்! துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர்க் கூட்டத்தில் நிற்பது போலவே நின்றார்.

“அய்யா... நாங்க ஊர்ல உக்காந்து பேசி ராசியாயிட்டோங்க. தட்டு மாத்தியாச்சி. கேசை முடிச்சி வுட்டுட்டிங்கன்னா ஜல்தியா பஸ்ஸப் புடிச்சிடுவோம்.”

ஏழுமலையின் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். காதும் காதும் வைத்தாற்போல் செய்ததை இப்படியா போட்டு உடைப்பது? பாவம், பெரிய மாமாவுக்கு அதில் ரகசியமே கிடையாது. பேசி முடித்ததைச் சபையில் சொல்ல வேண்டும் – அதுதானே அவருக்குத் தெரிந்த முறை!

நீதிபதி கோபப்படவில்லை.

“பெரியவரே, இது யார் போட்ட கேஸ்?”

“வசந்தாதாங்க.”

“இல்ல. அரசாங்கம் போட்டது. சின்ன அடிதடின்னா சமாதானமாப் போகலாம். கொலைக் கேஸ்ல ராசி கிடையாது. அந்தம்மாவே வேணாம்னாலும் இது நிக்காது. சாட்சியைக் கலைச்சா அடுத்த கேஸ் உங்க மேல வரும். உக்காருங்க.”

பிறகு வசந்தா பக்கம் திரும்பினார்.

“நீங்க யாரையும் உள்ள அனுப்ப வரலம்மா. பார்த்ததைச் சொல்ல வந்திருக்கீங்க. மிச்சம் எங்க வேலை.”

மிச்சம் எங்க வேலை! அந்த வார்த்தைக்காகவே அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

வசந்தா கூண்டில் ஏறினாள். எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாவற்றையும் என்றால்... அரசு வக்கீலே எதிர்பார்க்காததையும்.

“மொதல்ல கை வச்சது எங்க வூட்டுக்காரருதாங்க. மம்பட்டியும் அவரு கொண்டாந்ததுதான். அவரு ஓங்கினாரு... ஏழுமலை அதப் புடுங்கி ஒரே போடு போட்டாரு. போட்டுட்டு, அவரே எங்க வூட்டுக்காரர மடியில தூக்கி வச்சிக்கினு அழுதாரு.”

புருஷனைப் பறிகொடுத்தவள், புருஷன் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறாள். கோர்ட்டில் அழுதால் திட்டுவார்களோ என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சொன்ன அந்தப் பாதிதான் தீர்ப்பைத் திருப்பியது. திட்டம் போட்டுச் செய்த கொலை இல்லை, திடீர்ச் சண்டையில் விளைந்த சாவு என்று கோர்ட் முடிவு செய்தது. ஆயுள் தண்டனை வரவில்லை, சில வருஷ ஜெயிலோடு போயிற்று. ஏழுமலை தப்பிக்கவும் இல்லை, ஒரேயடியாக அழிந்துபோகவும் இல்லை. கோர்ட் என்றாலே உதட்டைப் பிதுக்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. தீர்ப்பு வந்த அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சரி, பந்திக்கு வருவோம். பாயச வாளியோடு வந்தது யார் தெரியுமா? செல்வி! வசந்தா இலையில் ரெண்டு கரண்டியாக ஊற்றினாள்.

“அக்கா, நாளைக்கி மோட்டார் முறை உன்னுது. மறந்துடாத.” பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். “நீ மட்டும் முழுசா சொல்லலன்னா... எம்மா வருசம் ஆனாலும் அவரு வூடு திரும்ப மாட்டாருக்கா.”

வசந்தா தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலுக்கு யாரும் தட்டு மாற்றவில்லை.

ரோடு, குழாய், ரேஷன்... எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தைத் திட்டுகிறோம். ஊர் வசந்தா தலையில் ஏற்றிய பழியை அதே அரசாங்கம் தன் தலையில் வாங்கிக்கொண்டதே, அதற்கு ஒரு தடவை நன்றி சொன்னால் என்ன? மனசாரச் சொல்கிறேன், நன்றி.

அப்படியே அந்த மும்முனை கரண்ட்டையும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டால்... சேகர்கள் உயிரோடு இருப்பார்கள்!