சராசரி எண்பத்தொன்று

எங்கள் பத்தாம் வகுப்பில் மொத்தம் பத்தொன்பது பேர். பதினான்கு வயதுப் பெண்ணும் இருந்தாள், தினமும் சவரம் செய்துகொண்டு வருகிற ஆளும் இருந்தார். படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைத் திரும்ப அழைத்து உட்காரவைக்க, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு நடுவே அரசாங்கம் நடத்திய சின்னப் பள்ளி அது. இரண்டாயிரங்களின் தொடக்கம். மூடிப்போன ஒரு கம்பெனியின் கேண்டீன்தான் வகுப்பறை. சுவரில் 'தட்டைக் கழுவி வைக்கவும்' என்று எழுதியிருந்ததை யாரும் அழிக்கவில்லை. அதற்குக் கீழேதான் கரும்பலகை.

நான் இரண்டு வருடம் பிஸ்கட் பேக்கிங்கில் இருந்துவிட்டு வந்தவள். எனக்குப் பின்னால் பழவேற்காட்டில் மாமா கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் வீட்டுப் பையன். அந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்காவும் தங்கையும். என் பக்கத்தில் கன்னியம்மா. இருளர் பெண். பெரியபாளையம் பக்கத்துச் சூளையில் அம்மா அப்பாவோடு சேர்ந்து செங்கல் அறுத்தவள், இப்போது அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள்.

டீச்சர் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் கன்னியம்மா விடையைச் சொல்லிவிடுவாள். எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

"இன்னாடி, எக்ஸ பாத்தா பேய பாத்த மாரி நடுங்குற? அது இன்னா உன்ன கட்ச்சிடுமா?"

நான் பதில் பேசமாட்டேன். நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். என்னிடம் இருந்தது கையெழுத்து ஒன்றுதான். அதனால்தான் மாசி மாதத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வரப்போகிறார் என்றதும் டீச்சர் சார்ட் பேப்பரை என் கையில் கொடுத்தார். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், அரையாண்டுத் தேர்வில் சராசரி மார்க் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

முதல் மூன்று கட்டங்களுக்கும் கூட்டி வகுத்தேன். ஐம்பதும் அறுபதுமாக வந்தது. எஸ்.டி. கட்டத்தில் கூட்டவும் ஒன்றுமில்லை, வகுக்கவும் ஒன்றுமில்லை. ஒருவர், எண்பத்தொன்று. கன்னியம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏய், எங்க ஜாதிக்கே நான்தான் சராசரியா? பாத்துக்கோ, நான் ஒரு நாளு லீவு போட்டா ஜாதியே ஆப்சென்ட்டு."

அதிகாரி வருவதில் எங்களுக்கு ஒரு விஷயம் இருந்தது. பள்ளிக்கு ஒரு பெயர் கேட்பார், முதல் மார்க் வாங்கியவரின் பெயர். அந்த ஒருவருக்குத் திருவள்ளூரில் ஹாஸ்டலோடு பிளஸ் ஒன் இடம், பத்தாவது தேறினால் போதும். அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஹாஸ்டல் பெட்டிக்குப் பூட்டு அவர்களே தருவார்களா, நாம் வாங்க வேண்டுமா என்று கன்னியம்மா டீச்சரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். இரண்டாவது மார்க் என்னுடையது. அவளுக்கும் எனக்கும் நடுவே ஏழு மார்க்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். வந்ததும் எங்களை உட்காரச் சொன்னார். சாப்பாட்டு நேரம் என்று தெரிந்து, சாப்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சார்ட்டின் முன்னால் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் சிரித்தார்.

"இது யாரும்மா எழுதினது?"

நான் எழுந்து நின்றேன்.

"எஸ்.டி. எண்பத்தொண்ணா? பதினெட்ட மாத்தி எழுதிட்டியா?"

அந்த எண்ணை மூன்று முறை சரிபார்த்தவள் நான். மார்க் ரெஜிஸ்டர் டீச்சரின் மேசையில்தான் இருந்தது. இல்லை சார் என்ற ஒரு வார்த்தை போதும். என் தலை ஆடியதை நான்தான் முதலில் உணர்ந்தேன், வேறு யாரோ பின்னாலிருந்து பிடித்து ஆட்டியதைப் போல. ஆமாம் என்று ஆடியது.

"பரவால்ல, பரவால்ல. டீச்சர், அந்தப் புள்ளைங்க வந்து உக்கார்றதே பெரிய விஷயம். மார்க்க நெனச்சிக் கவலப்படாதீங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் தற்காலிக வேலையில் இருந்தவர், வருடா வருடம் ஆர்டர் வரவேண்டும். பிறகு மெல்லிய குரலில், "திருத்திடும்மா" என்றார்.

ஸ்கெட்ச் பேனாவில் எழுதியதை எப்படித் திருத்துவது? ஒரு வெள்ளைத் தாளைச் சின்னதாகக் கிழித்தேன். ஒட்டுவதற்குப் பசை இல்லை. கையில் தாளோடு நின்றேன். அப்போது கன்னியம்மா தன் டிபன் பாக்ஸிலிருந்து நான்கு சோற்றுப் பருக்கைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. பருக்கையை நசுக்கித் தேய்த்து, எண்பத்தொன்றின் மேல் தாளை ஒட்டி, பதினெட்டு என்று அழகாக எழுதினேன். பசை அவளே கொடுத்துவிட்டாள், அப்படியானால் கோபம் இல்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது.

பிறகு அதிகாரி பெயர் கேட்டார். டீச்சர் சார்ட்டைப் பார்த்தார். பதினெட்டு என்று ஒட்டியாகிவிட்டது, இனி கன்னியம்மாவின் பெயரை எப்படிச் சொல்வது?

"இவதான் சார்" என்று என்னைக் காட்டினார்.

பழவேற்காட்டுப் பையன் மட்டும், "டீச்சர்..." என்று ஆரம்பித்தான். டீச்சர் அவனை முறைத்தார். அதிகாரி என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கன்னியம்மா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை எப்படியோ தைரியம் வந்து டீச்சரின் மேசை அருகே போய் நின்றேன். அவர் தலை நிமிராமலே பேசினார்.

"ரிப்போர்ட்டு கெளம்பிட்ச்சிம்மா. இப்ப போயி மாத்தச் சொன்னா, அன்னிக்கி இன்னாத்துக்கு தலையாட்டினேன்னு உன்னத்தான் கேப்பாங்க. என்னயும் கேப்பாங்க."

என்னைக் கேட்பார்கள் என்றதும் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. அவள் சூளைக்குப் போயிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். இருக்கும் என்று பட்டது. சூளை வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் திடீரென்று வராமல் போவது எங்கள் பள்ளியில் புதிதல்ல. பொதுத்தேர்வில் அவள் உட்கார வேண்டிய பெஞ்சு காலியாகவே இருந்தது. ஹாஸ்டல் இடத்தில் நான் போய்ப் படித்தேன். என் படிப்பு என்று இருப்பது அந்த இரண்டு வருடத்தோடு சரி. இப்போது என் மகள் பத்தாவது படிக்கிறாள். அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

எனக்கு இடம் கிடைத்த செய்தி வீட்டுக்கு எட்டிய நாளில், ரோலிங் மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா அரைக் கிலோ மிக்சர் வாங்கிவந்தார். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தார். தன் பெண்தான் முதல் மார்க் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அம்மா மட்டும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீதான் ஃபஸ்ட்டா?"

தலை ஆடியது.

"அந்தக் கணக்கு போட்ற பொண்ணு இன்னா ஆச்சி? அதுக்குதான் கெடைக்கும்னு சொல்லிக்கினு இருந்த?"

"அது சூளைக்குப் போய்ட்ச்சிம்மா."

"சூளைக்கா? பொங்கலு முட்ச்ச கையோட அவங்கள்லாம் கெளம்பிட்டாங்களேடி. இப்ப மாசியும் முடியப் போவுது. அது போன வாரம் வரிக்கும் ஸ்கூலுக்கு வந்துக்கினுதான இருந்திச்சி?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகாதவள், மாதக் கணக்கில் ஏதோ குழம்பிவிட்டாள் என்று நினைத்தேன். இந்த வருடம் சூளை லேட்டும்மா என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி மிக்சரைத் தின்ன ஆரம்பித்தேன்.