அம்மாவைக் காணோம்

பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு கொடுப்பது அவள் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதோடு நாள் தவறாமல் இன்னொரு அறிவிப்பும் வந்து சேரும்: நீலச் சட்டை போட்ட பையன், பெயர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே மேலே வரவும். அந்தப் பிள்ளைகள் அவள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மூக்கை உறிஞ்சுவார்கள். தாய்மார் மூச்சிரைக்க ஓடி வந்து முதலில் கட்டிப்பிடிப்பார்கள், அடுத்த நொடியே முதுகில் ஒன்று வைப்பார்கள். இத்தனையையும் வருஷக்கணக்கில் பார்த்தவள், தன் பிள்ளைகளைக் கண்ணுக்கு எட்டாத தூரம் போக விடுவாளா?

பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்குப் பதினொரு வயது. வாயைத் திறந்தால் வாதம்தான் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சின்னவனுக்கு ஆறு. அவனை வால் என்று கூப்பிடுவார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். அந்த வருஷம் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனதில் முதலாளிக்கு மனம் குளிர்ந்து, குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய்விட்டு வாருங்கள் என்று சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வீடே துள்ளிக் குதித்தது. அவள் மட்டும் கடைக்குப் போய் இரண்டு விசில் வாங்கி வந்தாள்.

“விசில் எதுக்கு?” என்றார் கணவர்.

“ஆளுக்கு ஒண்ணு கழுத்துல. சுத்தி வர தண்ணிங்க! பஸ் ஸ்டாண்டுலயே தொலையுதுங்க பிள்ளைங்க.”

“எனக்கு?”

“நீங்க தொலைஞ்சா நான் தேடப்போறதில்ல.”

கப்பல் என்னவோ ஒரு நகரத்தையே தூக்கி மிதக்கவிட்டது போல இருந்தது. அடுக்கடுக்காகத் தளங்கள், நீச்சல்குளம், நடனக்கூடம், பனிக்கூழ் கடை. ஏறியதுமே அவள் பிள்ளைகளை நிற்க வைத்து அறை எண்ணை ஒப்பிக்கச் சொன்னாள். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்டவர்களிடம்தான் பேச வேண்டும் என்று பாடம் நடத்தினாள். தனக்கு அடையாளத்துக்காக அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையிலேயே வழக்கு வந்தது. கப்பலில் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுக் கூடம் உண்டு. பத்து வயது தாண்டியவர்கள், பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தாங்களாகவே வரலாம், போகலாம்.

“அம்மா, என் வயசுப் பிள்ளைங்க எல்லாரும் தனியா போறாங்க. நான் மட்டும் கைக்குழந்தை மாதிரி உன் கையைப் பிடிச்சுக்கிட்டு...”

“எல்லாரும் கடல்ல குதிச்சா?”

“குதிக்க மாட்டாங்க. கம்பி என் தலை உயரம் இருக்கு. நேத்தே பார்த்துட்டேன்.”

கணவர் தட்டைப் பார்த்தபடியே, “கம்பி உயரம்தான்” என்றார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி தட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு சமரசம். மேல்தளத்துப் பனிக்கூழ் கடைக்கு வக்கீல் தனியாகப் போகலாம், வாங்கியதும் நேரே திரும்பிவிட வேண்டும். கொலுசு கேட்டவளுக்குக் கொலுசின் மணி ஒன்றைக் கொடுத்த மாதிரிதான். இருந்தாலும் பெண் தலையை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

அவள் முதுகு கதவைத் தாண்டியதும் அம்மா எழுந்தாள்.

“எங்க போற?” என்றார் கணவர்.

“சும்மா காத்து வாங்க. வாலைப் பார்த்துக்குங்க.”

வெளியே நீச்சல்குளத்தோர நாற்காலியில் கிடந்த பெரிய குளியல் துண்டு ஒன்றை எடுத்து முகம் மறையப் போர்த்திக்கொண்டு, தூணுக்குத் தூண் பதுங்கிப் பதுங்கிப் பின்தொடர்ந்தாள். வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பயந்துபோய்க் காலை மடக்கிக்கொண்டார். வக்கீல் லிஃப்டில் ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. இவள் மாடிப்படியில் தாவி ஏறினாள். மேல்தளம் என்பது எத்தனையாவது தளம் என்று தெரியாமல் ஒன்றில் நுழைந்தாள், இன்னொன்றில் இறங்கினாள். ஒரே மாதிரி நடைபாதை, ஒரே மாதிரி கம்பளம், ஒரே மாதிரி கதவுகள். சரி, அறைக்காவது திரும்புவோம் என்றால், பிள்ளைகளை ஒப்பிக்க வைத்த எண் அவளுக்கே நினைவில்லை. சிவப்பு ரிப்பனை நம்பிக் கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அறையைச் சுத்தம் செய்தவர்கள் அதை அவிழ்த்துக் குப்பையில் போட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? சாவி அட்டை கணவரிடம். கைபேசியில் சிக்னல் செத்துக் கிடந்தது.

அப்படி நடந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது.

“பயணிகளின் கவனத்திற்கு. மஞ்சள் சட்டை அணிந்து, வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கும் நாற்பத்தொரு வயதுப் பெண்மணியைக் காணவில்லை. அவருடைய மகள் வரவேற்பு மேசையில் காத்திருக்கிறார்.”

முதலில் அவளுக்கு வந்தது கோபம். வயதைப் போய் யாராவது அறிவிப்பார்களா? அதுவும் வார்த்தைகளை விழுங்கி விழுங்கி! பிறகுதான் விஷயமே உறைத்தது. எதிரே வந்த ஒரு பணியாளர் துண்டைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மரியாதையாகக் கையைக் காட்டி அழைத்துப் போனார்.

வரவேற்பு மேசைக்குப் பக்கத்து உயர நாற்காலியில் வக்கீல் உட்கார்ந்திருந்தாள். பனிக்கூழ் உருகி முழங்கை வரை வழிந்திருந்தது.

“தொலைஞ்சா நின்ன இடத்துலயே நிக்கணும்னு நீதானே சொன்ன? எதுக்கும்மா சுத்திக்கிட்டே இருந்த?”

“நான் எங்கடி தொலைஞ்சேன்! காத்து வாங்க...”

“துண்டைப் போத்திக்கிட்டா? முதல் தூண்லயே பார்த்துட்டேன். ஒண்ணும் தெரியாத மாதிரி நடந்தேன்.” அதுவரை கணீரென்றிருந்த குரல் சட்டென்று இறங்கியது. “மேல போய்த் திரும்பிப் பார்த்தா உன்னைக் காணோம். அப்பதான் பயமா போச்சு. அப்புறம் நீ சொன்ன மாதிரியே சீருடைக்காரங்ககிட்ட வந்து சொன்னேன்.”

அம்மா கட்டிப்பிடித்தாள். முதுகில் ஒன்று வைக்கத் தோன்றவில்லை. தான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் வரி பிசகாமல் செய்திருக்கிற பிள்ளையை எதற்காக அடிப்பது? மஞ்சள் சட்டை முழுக்கப் பனிக்கூழ் ஆனதுதான் மிச்சம்.

அன்று மத்தியானம் விளையாட்டுக் கூடத்தில் கையெழுத்துப் போட்டாள். நீச்சல்குளம் மட்டும் கூடாது, சாப்பாட்டு வேளைக்கு வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை. “எனக்கு?” என்று வால் குதித்தான். அவனுக்கு மதியச் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. தட்டில் கேக்கைத் தவிர வேறெதுவும் இல்லாமல் வந்து நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனும் அக்காவோடு கூடத்துக்குப் போய்விட்டான். அங்கே பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள்.

திடீரென்று கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். கையை எங்கே வைப்பது, என்ன பேசுவது என்றே தெரியவில்லை. போய்க் கம்பியோரம் நின்றார்கள்.

“கடல் பெருசா இருக்குல்ல?” என்றார் அவர்.

“ம்.”

“நடனம் கத்துக் குடுக்கறாங்களாம். போய்ப் பார்ப்பமா?”

போனார்கள். இவர் வலப்பக்கம் என்றால் அவள் இடப்பக்கம். ஒருவர் காலை ஒருவர் மிதித்து, யார் மிதித்தது என்று சண்டை போட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நடுக்கூடத்தில் நின்றுவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டு வேளையில் வக்கீல் புதுச் சிநேகிதிகளோடு அந்த நடனக்கூடத்துக் கதவோரமாகத்தான் வந்தாள். ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு, வேகமாகத் திரும்பி நடந்தாள்.

“ஏண்டி, எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போன?” என்று அம்மா சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

“யாரு அவங்கன்னு என் சிநேகிதிங்க கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்” என்றாள் வக்கீல், ரொட்டியைப் பிய்த்தபடி.