கல்லில் பதித்த அடுப்பு

அடுப்பை மாற்ற வேண்டும் என்று நான் பேச்செடுத்த நாளில் இருந்து அது எனக்கும் என் கணவருக்கும் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. பழைய அடுப்பின் அடியில் துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. பருப்பு பொங்கினால் நேராக அதன் காலடியில் போய் ஒளிந்துகொள்ளும். என் தங்கை வீட்டில் கிரானைட் மேடையிலேயே குழி வெட்டி, கல்லும் அடுப்பின் கண்ணாடியும் ஒரே மட்டமாக இருக்கும்படி அடுப்பைப் பதித்திருந்தார்கள். துணியை இந்த ஓரத்தில் வைத்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பு, வேலை முடிந்தது. எனக்கும் அதுதான் வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அவர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மருந்து கலக்கும் அறைகள் அவர் பொறுப்பு. மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிக்குள் போகிற பொடியை. அந்த வேலை பார்க்கிற மனிதரிடம் அடுப்பைப் பற்றிப் பேசி ஜெயிப்பது லேசான காரியம் இல்லை.

"இப்ப டியூபு கண்ணு முன்னால கெடக்கு. நீ சொல்லுத அடுப்புல எல்லாம் கல்லுக்கு அடியில, கபோர்டுக்குள்ள போயிரும். கேஸ் கசிஞ்சா அங்கனயே தேங்கி நிக்கும்" என்றார்.

"ஊரெல்லாம் வச்சிருக்காகளே, அவுகெல்லாம் வெடிச்சா போயிட்டாக?" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்வதில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆனாலும் கடைக்கு வந்தார். விருதுநகரில் கடைக்காரர் எனக்குக் கண்ணாடியின் நிறங்களைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, காட்சிக்கு வைத்திருந்த மேடைக்கு அடியில் தலையை விட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்துகிற வால்வு இருந்தால்தான் ஆச்சு என்று பிடிவாதமாக நின்றார். நான் மூன்று பர்னர் வைத்த கறுப்புக் கண்ணாடி கேட்டேன். அவர் வால்வு கேட்டார். இரண்டும் இருக்கிற ஒன்று கடைசியில் கிடைத்தது.

கல் வெட்டுகிறவர் வந்த அன்று இவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்றார். அடுப்போடு வந்த காகித அச்சைக் கல்லின்மேல் ஒட்டி, கோடு போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தார்கள். குழி விழுந்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அதன் பிறகுதான் பெரிய வேலையே. குழியின் விளிம்பைச் சுற்றிலும், கண்ணாடியின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கல்லைச் சீவி ஒரு படி எடுக்க வேண்டும். கண்ணாடி அந்தப் படியில் உட்கார்ந்தால்தான் மேடையோடு மட்டமாக நிற்கும். வீடு முழுக்கச் சேறும் சத்தமும். இவர் நடுவில் புகுந்து, கபோர்டுக் கதவின் அடியில் ஓட்டை போடச் சொன்னார். "கேஸ் காத்தைவிடக் கனம், கீழதான் எறங்கும்" என்று பாடம் வேறு.

அடுப்பு உட்கார்ந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். கல் எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கேஸ் இணைப்புக் கொடுக்க வந்தவர் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வரவில்லை என்று காட்டிவிட்டுத்தான் போனார். அவர் இரும்பு ஸ்பேனர் வைத்து இறுக்கியது என் கணவருக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் மருந்துக்குப் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோக மாட்டார்கள். உரசினால் பொறி வரும். எல்லாம் பித்தளைதான். அந்தப் பழக்கத்தில், தன் பையில் கிடந்த பழைய பித்தளை ஸ்பேனரை எடுத்து, நன்றாக இருந்த நட்டைக் கழற்றித் தன் கையால் மறுபடி மாட்டியிருக்கிறார். ஸ்பேனரின் வாய் தேய்ந்து போயிருந்தது. அது வழுக்கியதை நட்டு இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இதெல்லாம் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் நான் கொல்லையில் தூசி படிந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பாத்திரக் கூடையோடு உள்ளே வந்தேன். வாசல்படியிலேயே கேஸ் நெடி மூக்கில் அறைந்தது. இவர் மண்டிபோட்டு, கபோர்டுக்குள் தலையை விட்டபடி இருந்தார்.

"எல்லாம் பக்காவா இருக்கு. பத்த வைக்கட்டா?" என்றார். ஒரு கை மேடைமேல் அடுப்பின் திருகைத் தேடிக்கொண்டிருந்தது.

"கேஸு! தொடாதீக!" என்று கத்தினேன். கூடை கீழே விழுந்தது.

அவர் கை சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவர்தான் சரியாகச் செய்தார். சிலிண்டரை மூடினார், ஜன்னலைத் திறந்தார், "சுவிட்சைத் தொட்டுராத" என்று என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு வாடை அடிக்கலையா?"

"இல்ல."

"இப்பவா, எப்பவுமேவா?"

துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "கொரோனா வந்துச்சுல்ல. அப்பப் போனது. திரும்பலை."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அடிபிடித்த சாம்பாரைக்கூட நல்லா இருக்கு என்று சாப்பிட்டு எழுந்த மனுசன். வயசாக ஆகப் பாசம் கூடுகிறது என்று நான் பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கம்பெனி ஞாபகம் வந்தது.

மருந்தில் ஈரம் ஏறினால் அது உள்ளுக்குள் சூடாகும். சூடாகும்போது மூத்திர நெடி மாதிரி ஒன்று கிளம்பும். அந்த நெடி வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். காலையில் ஃபோர்மேன் ஒவ்வொரு அறையாகப் போய் மோந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வேலை பார்க்கிற பெண்கள் உள்ளே போவார்கள். இத்தனை காலமும் இவர் என்னத்தை மோந்தார்?

"மொதலாளிகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா கொண்டுபோயி கேட்ல உக்கார வச்சிருவாக. இம்புட்டு வருசம் ஃபோர்மேனா இருந்துட்டு, வர்ற லாரிக்கு கேட்டைத் தொறந்து விடச் சொல்லுதியா?"

"கேட்ல உக்காந்தா உசுரோட இருப்பீக. அங்க வேலை பாக்குத பொம்பளப் பிள்ளைகளும் இருக்கும்."

சண்டை போட்டேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். சில நாள் கழித்து, "சொல்லிட்டேன். மோந்து பாக்க வேற ஆளு போட்டுட்டாக" என்றார். நம்பினேன். கேஸ்காரரும் மறுபடி வந்து நட்டைச் சரிசெய்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். புது அடுப்பில் முதலில் பால் பொங்க வேண்டும். இவர் பொறுப்பில் இருக்கிற அறைகளில் வேலை பார்க்கும் பெண்களும் தீபாவளி சீசன் அவசரத்துக்கு நடுவே வந்திருந்தார்கள். பால் பொங்கிக் கண்ணாடியில் வழிந்தது, குலவை போட்டார்கள். நான் ஒரே இழுப்பில் துடைத்துக் காட்டினேன். எல்லோரும் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுத்தேன்.

அவர்களில் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நம்ம ஃபோர்மேன் அண்ணன் இருக்காகன்னுதான் மதினி, என்னை வீட்டுல வேலைக்கே விடுதாக. நேத்துக் காலையிலகூட ஒரே சாரலு. மருந்து ஈரம் புடிச்சிருக்குமோன்னு நாங்க வாசல்லயே நின்னோம். அண்ணன் போயி ஒவ்வொரு சட்டியா மோந்து பாத்து, வாங்கன்னு சொன்ன பெறகுதான் கை வச்சோம்."

திரும்பிப் பார்த்தேன். அவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். இத்தனை வருட வாழ்க்கையில் என்னிடம் அவர் அப்படிக் கெஞ்சியதே இல்லை.

"அவுகளுக்கு வாடையே தெரியாதும்மா. கொரோனா வந்ததுல இருந்து தெரியாது" என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நேத்து?" என்றாள்.

அவள் டம்ளரைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அவருக்கு நேரே போய் நின்றாள்.

"அண்ணே, அப்ப நேத்து?"