கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பேரிங் வளையங்களைச் சோதித்து அனுப்புகிறேன். தலைமுடியைவிட மெல்லிய கீறலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட எனக்கு, ஒரே வீட்டில் நடமாடும் மனைவியின் இடது கால் வலது காலைவிடப் பருத்திருந்தது தெரியவில்லை.

எங்கள் ஊர் கௌதள்ளியில் மாரியம்மன் பண்டிகை முடிந்து நாங்கள் மைசூருக்குத் திரும்பியிருந்தோம். கெண்டைக்கால் கனக்கிறது என்றாள் பூங்கொடி. மாவிளக்குத் தட்டோடு வெறுங்காலில் நடந்தவள், பஸ்ஸில் மூட்டைகளுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்து வந்தவள், வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். அம்மன் அவள்மேல் இறங்கி வந்து காலில் மாட்டிக்கொண்டாள் போல என்று ஒரு நகைச்சுவை வேறு செய்தேன். வீட்டில் எனக்கு ரசிகர்கள் குறைவு.

தைலப் புட்டியோடு தேய்த்துவிடப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள். இதைப் படிக்கிற யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது பெயர்ந்து மேலே போகக்கூடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். நல்லவேளை, என் அன்பை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

பூங்கொடி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ரவிக்கை தைக்கிற டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தாள். இன்னொரு தடவையும் அளந்தாள்.

"ரெண்டும் ஒரே அளவு இல்லீங்க. ஆட்டோ கூப்பிடுங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். டீப் வெயின் த்ராம்போசிஸ் (காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது) என்றார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வந்து ஆஸ்பத்திரி நடையில் நாலு எட்டு வைத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. கட்டியின் ஒரு துணுக்கு ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருந்தது. பல்மனரி எம்பாலிசம் (நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் அடைப்பு). அதற்கு மேல் எந்த நகைச்சுவையும் எனக்குத் தோன்றவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் கட்டிலருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. ஊரிலிருந்து அடித்துப்பிடித்து வந்திருந்த என் அம்மா பக்கத்தில் நின்றார். பூங்கொடி ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கி, குழந்தை வேண்டாம் என்பதற்கான மாத்திரை, இரண்டாவது பையன் பிறந்த பிறகு வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் எழுதிக்கொடுத்தது என்றாள். பண்டிகை நாளில் மாதவிலக்கு வந்துவிடாமல் இருக்க, வழக்கமாக விடுகிற இடைவெளியை இந்தத் தடவை விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கியதையும் சொன்னாள். கிளினிக்கில் போனில் கேட்டதற்கு, தாராளமாகப் போடுங்கள் என்றார்களாம்.

என் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பண்டிகைக்கு நாளைத் தள்ளிப்போடுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சொல்லப்போனால் தள்ளிப்போடச் சொன்னதே அவர்தான். ஆனால் மருமகள் குழந்தை வேண்டாமென்று வருஷக்கணக்கில் மாத்திரை போடுவது அவருக்கு அன்றுதான் தெரியும்.

டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு கால் வீங்கி வற்றாமலே இருந்ததா?

இருந்தது. பூங்கொடி பிறந்த கையோடு அவள் அம்மாவுக்கு ஒரு கால் வீங்கியது. கடைசிவரை வற்றவில்லை. வாயு என்று சொல்லியே காலத்தை ஓட்டினார்கள்.

இடைவெளி விடாமல் போட்டது பெரிய விஷயமில்லை, இப்படிப்பட்ட குடும்பத்தில் இந்த வகை மாத்திரையையே யோசித்துத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பூங்கொடிக்கு ரத்தம் எளிதில் உறைகிற பிறவித் தன்மை இருப்பது பிறகு பரிசோதனையில் தெரிந்தது.

"எழுதிக் கொடுக்கும்போது இதைக் கேட்டாங்களா?"

"எத்தனை குழந்தைன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல மேடம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் விடவே இல்லை. ஊசி போடும்போது, காலுறையை இழுத்து மாட்டும்போது, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சுவிடும்போது எல்லாம் அதையே சொன்னாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கியதும் பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. மாதவிலக்கு நாட்களில் எழுந்து நிற்கவே பயந்தாள். கால் ஒருநாள் வீங்கும், ஒருநாள் வற்றும். வீக்கம் ஏறாமல் இருக்கக் கொடுத்த அந்த இறுக்கமான காலுறையை மாட்டிவிடும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. தொழிற்சாலையில்கூட எனக்கு அவ்வளவு திட்டு விழுந்ததில்லை.

குணமாவதென்றால் பழையபடி ஆவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பழைய கால் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்குக் கோபம் வந்தது. அது நன்றாக வேலை செய்தது.

கிளினிக் மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப்போவதாக அவள் சொன்னதும் வீடு இரண்டு பட்டது. என் அம்மா கெஞ்சினார்: "பண்டிகைக்குத் தள்ளிப்போட்டதுன்னு மட்டும் சொல்லிக்கோ கண்ணு. மத்தது எதுக்கு நாலு பேர் முன்னால?"

எங்கள் வக்கீல் நேரெதிராகச் சொன்னார். கர்ப்பத்தடைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்பதோடு நிறுத்துங்கள், பண்டிகைப் பேச்சை எடுத்தால் நீங்களாக ஏதோ செய்துகொண்டீர்கள் என்று புகாரையே தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

ஒருவருக்கு மாத்திரை வெட்கம், இன்னொருவருக்கு மாரியம்மன் ஆபத்து. பூங்கொடி இருவரையும் ஒரே வரியில் முடித்தாள்.

"என்னைக் கேக்கலைன்னுதான் புகார் கொடுக்கறேன். நானே பாதியை மறைச்சா எப்படி?"

தோற்றால் ஊர் முழுக்கத் தெரிந்ததுதான் மிச்சம் என்று வக்கீல் எச்சரித்தார். தெரியட்டும் என்றாள்.

எதிர்த்தரப்பு முதலில் சமாதானத்துக்கு வந்தது. ஒரு தொகை தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள், வெளியில் பேசாதீர்கள் என்றார்கள். நான், அசடு, பரவாயில்லையே என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இனிமேல் மாத்திரை எழுதும் முன்னால் குடும்பத்தில் யாருக்கு என்ன என்று கேட்பதாக எழுதித் தருவார்களா என்று கேட்டாள். அதைத் தரமாட்டார்களாம்.

விசாரணை நாளில் ஆணையத்தின் அனுமதியோடு அவர்களுடைய வக்கீல் அவளைக் கேள்வி கேட்டார். எல்லாம் கன்னடத்தில் நடந்தது. பண்டிகைக்காகத் தொடர்ந்து போட்டீர்களா? போட்டேன், உங்கள் கிளினிக்கைக் கேட்டுவிட்டுப் போட்டேன் என்றாள். நீங்கள் படித்தவர், ஆசிரியை. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எல்லா ஆபத்தும் அச்சடித்திருக்கிறதே, உங்கள் அம்மாவின் காலைப் பற்றி நீங்களே சொல்லியிருக்கலாமே என்றார்.

"நான் கணக்கு டீச்சர் சார். கேள்வித்தாளே கொடுக்காம, பதில் எழுதலைன்னு நான் யாருக்கும் மார்க் குறைச்சதில்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது நானாகவும் இருக்கலாம். அதற்குத் தண்டனைபோல் அடுத்த கேள்வி வந்தது: மாத்திரையில் இவ்வளவு ஆபத்து என்றால் உங்கள் கணவர் ஏன் ஒன்றும் செய்துகொள்ளவில்லை?

மொத்தக் கூடமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அதையும் யாரும் கேக்கல சார்" என்றாள் பூங்கொடி.

வாசெக்டமி (ஆணுக்கு விந்து போகும் குழாயை அடைக்கும் சிறிய அறுவை) எவ்வளவு எளிது என்று அரசு ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டேன். நான் சட்டையைக் கழற்றிப் பயந்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. சட்டையைக் கழற்றவே வேண்டாமாம். வீட்டுக்கு வந்து கொஞ்சம் முனகிப் பார்த்தேன். காலுறை வேண்டுமா என்று கேட்டாள்.

ஆணையத்தின் உத்தரவு இன்னும் வரவில்லை. ஜெயிப்போமா என்று தெரியாது. ஆனால் சென்ற மாதம் என் தங்கை மீனா அதே கிளினிக்கின் வாசலில் நின்று போன் செய்தாள். மாத்திரை கேட்கப் போனவளை உள்ளே உட்காரவைத்து, அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கியதா, ரத்தம் கட்டியதா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். "அண்ணி என்னத்தப் பண்ணி வச்சாங்க? பொண்ணு பாக்க வந்தவங்ககூட என்னை இவ்வளவு கேக்கல" என்றாள். பூங்கொடி போனை வாங்கி, கேட்ட கேள்விகளை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

இந்த வருஷப் பண்டிகை சரியாக அவளுடைய மாதவிலக்கு நாளில் வந்து விழுந்தது. அம்மா போனில் இழுத்தார். "நாளை இனி நான் தள்ளிப்போட முடியாதுங்க அத்தை. வேணும்னா அம்மன் தள்ளிக்கட்டும்" என்றாள். பிறகு அம்மா சொன்னார்: "பஸ்ல காலை மடக்காம உக்காந்து வா."

அவள் ஒரே இடத்தில் உட்காரவே இல்லை. நீண்ட பயணத்தில் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. முன்பெல்லாம் கொள்ளேகால் வந்ததா, ஹனூர் வந்ததா என்று வழியை எண்ணுவோம். இப்போது கால் சொல்வதுதான் எங்களுக்கு நேரம். அது கனக்கத் தொடங்கினால் அவள் எழுந்து கம்பிகளைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடக்கிறாள். விழுந்தால் பிடிக்க நான் பின்னாலேயே போகிறேன். பார்ப்பவர்களுக்குக் கணவன் மனைவி ஏதோ நேர்த்திக்கடன் செலுத்துவதுபோல் இருந்திருக்கும்.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. சீட்டு காலியாக இருக்கிறதே, ஏன் அம்மா உட்காரமாட்டேன் என்கிறீர்கள் என்றார்.

கேட்டுவிட்டார் இல்லையா. சொன்னாள். கால், நுரையீரல், மாத்திரை, அது எதற்கான மாத்திரை, பண்டிகை, கிளினிக், வழக்கு எல்லாவற்றையும், வகுப்பில் பேசுகிற குரலில், முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில். பஸ்ஸில் ஒருவரும் தூங்கவில்லை. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெண் மடியில் கிடந்த குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, தன் இரண்டு கால்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள்.