காலிக் கூடையில் விழுந்த கெண்டை

நாலாவதுக்கு மேல் படிக்காமல், யாரிடமும் கைநீட்டாமல், திண்டுக்கல்லில் மூன்று பிரியாணிக் கடை போட்டவன் நான். செம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊரே இறங்கிய நாளில் நானும் இறங்கினேன். எனக்குக் கிடைத்தது சேறுதான்.

"அய்யா இன்னைக்குச் சேத்தைத்தான் தம் போடுவாரு!" என்று கரையில் சிரித்தார்கள்.

அப்போது முன்பின் தெரியாத ஒரு பெண் என் காலிக் கூடையில் கெண்டை ஒன்றைப் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கே பிச்சையா? நான் யாருன்னு தெரியுமா?" என்று ரூபாய் நோட்டை நீட்டினேன்.

அவளும் சீறினாள். "யாரா இருந்தா எனக்கென்ன? இந்த மீனை விக்கவும் கூடாது, இறங்குன ஆளு வெறுங்கையோட போகவும் கூடாது, அதான் எங்க ஊரு வழக்கம். காசை உள்ள வைங்கய்யா!"

அன்று குழம்புச் சட்டியை வழித்துத் தின்றேன். இன்றும் நினைத்தால் கோபம்தான் வருகிறது. நான் சம்பாதித்து வாங்கிய எந்த மீனும் அம்புட்டு ருசியாக இருந்ததில்லை.